மெத்தை தட்டிய காலை

பொங்கலுக்கு வீடு ஒழிக்கிற வேகத்தில், பூங்காவனம் பஞ்சு மெத்தையைத் தெருக்கோடிக் கம்பத்தில் சாய்த்து வைத்துக் கட்டையால் அடித்தாள். கம்பத்தின் உச்சியில் காற்றிலுள்ள தூசை அளக்கும் தூசுமானி இருப்பதை மறந்துவிட்டாள்.

போன வருடம் வரை அது அதிகாரிகள் குடியிருப்பில், மரங்களுக்கு நடுவே இருந்தது. ஒருநாளும் சிவப்பு காட்டியதில்லை. புதுச் சட்டம் அதை ஒப்பந்தத் தொழிலாளர் காலனிக்குக் கொண்டுவந்தது. இங்கே தூசு அளவு மீறினால் நிலக்கரிச் சுரங்கம் தானாக நின்றுவிடும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சுரங்கத்தின் இரைச்சல் அடங்கி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தெளிவாகக் கேட்டது.

அவள் கட்டையைக் கீழே போட்டாள். முன்பு ஒருமுறை கரி கொண்டுபோகும் பெல்ட்டைச் சற்று நேரம் நிறுத்தியதற்கே சுரங்கத்தில் அவள் கணவன் வேம்புவை வேலையை விட்டு அனுப்பி, வெகுநாள் கழித்துத்தான் திரும்பச் சேர்த்திருந்தார்கள்.

ஜீப்பில் வந்து இறங்கினார் சுரங்கப் பொறியாளர் நிலோபர்.

"நாந்தான் மேடம் மெத்தைய தட்டுனேன். எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது."

நிலோபர் மெத்தையை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளங்கை கறுத்துவிட்டது.

"இதுலயா படுக்குறீங்க?"

"கல்யாணத்துக்கு வாங்குனது மேடம்."

நிலோபர் கையைத் துடைக்காமலே போனை எடுத்தார். "மீட்டர் சரியாத்தான் காட்டுது. நம்ம கரித்தூள்தான். தண்ணி வண்டிய அனுப்புங்க. விளக்கு பச்சையானப்புறம் மெஷின் ஓடட்டும். யார் மேலயும் புகார் எழுத வேணாம்."

பூங்காவனத்துக்கு மூச்சு வந்தது.

"மேடம், உள்ள மாமியாரு மெத்தை ஒண்ணு கெடக்குது. மெஷின் நிக்கிறப்பவே அதையும் தட்டிரட்டுமா?"

நிலோபர் பதில் சொல்வதற்குள், தெருவின் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு மெத்தை வெளியே வந்துகொண்டிருந்தது.