எட்டாயிரத்துக்கு முடிந்த ஏலம்

"மெஷினைத் தூக்கிட்டுப் போகல்லேன்னா கோர்ட்டுக்குத்தான் வரணும், திரேசா."

யட்டியாந்தோட்டை பஜாரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முக்தார் ஹாஜி இப்படிச் சொன்னதும் திரேசாவுக்குத் தலை சுற்றியது. சாமானை எடுத்துவிட்டுக் காசு கொடுக்காதவர்கள் மேல் வழக்குப் போடுவார்கள். சாமானே வேண்டாம் என்பவள் மேலுமா? அதுவும் அடிமாட்டு விலைக்குப் போன சாமானுக்கு.

விஷயம் இதுதான். நேற்று ஹாஜி தன் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு தையல் மெஷினை ஏலம் விட்டார். மாலை ஆறு மணி வரை நேரம்.

திரேசாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு மெஷின் இருந்தால் யூனிஃபோம் தைத்தாவது மகள் சரோனைப் படிக்க வைக்கலாம். ஆசை யாரை விட்டது? கையிலிருந்த எட்டாயிரத்துக்கு ஏலம் கேட்டுவிட்டாள். ஆறு மணிக்குப் பார்த்தபோது, அதற்கு மேலே யாரும் கேட்டதாக அந்தப் பக்கத்தில் இல்லை.

"நாப்பதாயிரம் பெறும்ங்க மொதலாளி. தோட்டத்து லயத்து வீடுங்க முழுக்க என்னைய ஏமாத்துக்காரின்னு பேசுறாங்க. எங்க மாதா திருவிழாவுல காணிக்கைச் சேவல ஏலம் விட்டு வெல கொறஞ்சா, மறுபடியும் ஏலம் போடுவாங்க. நீங்களும் போடுங்க."

"அது சேவல் ஏலம். இது ஃபேஸ்புக் ஏலம். நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். ஃபோன்ல அமுக்கினா கையெழுத்து வெச்ச மாதிரி. நீங்க லோயர்தானே ஷிராஸ் நானா, இது ஒப்பந்தமா இல்லியா, செல்லுங்க."

மூலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஷிராஸ் தொண்டையைச் செருமினார். "ஒப்பந்தம்னும் செல்லலாம். இல்லேன்னும் செல்லலாம். கோர்ட்டுல ரெண்டு பக்கமும் பேச எடம் ஈக்கு."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் குழம்பாது?

"அப்ப நான் எடுக்கணுமா, வேணாமாங்க?" திரேசாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எடுக்கத்தான் வேணும்." ஹாஜி மேசையில் தட்டினார். "போன கிழமை இதே மெஷினைச் சும்மா கொண்டு போங்கன்னேன். ஓசியில எடுத்தா கை கூசும்னீங்க. இப்ப காசு குடுத்து எடுக்கவும் ஏலாதா? என்ட கடை என்ன வெளயாட்டா?"

கேஸுக்குப் பயந்து திரேசா எட்டாயிரத்தையும் மேசையில் வைத்தாள். மெஷினைத் த்ரீவீலரில் ஏற்றினார்கள். தூறல் விழுந்தது. பிளாஸ்டிக் தாள் கொண்டுவந்து அதை மூடிவிட்டதும் ஹாஜிதான். முகத்தில் மட்டும் கடுகடுப்பு குறையவில்லை. திரேசா ஒன்றும் விளங்காமலே போனாள்.

வண்டி வளைவில் திரும்பியதும் ஷிராஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது சரி ஹாஜி. என்ட மகளுக்குன்னு நான் நேத்து அஞ்சரைக்கே முப்பத்தையாயிரம் கேட்டேனே. அது பக்கத்துல காணல்லியே?"

"அழிச்சிட்டேன். ஒங்களோட சேத்து ஏழு பேர் கேட்டதையும் அழிச்சிட்டேன். கேஸ் போடுறதுன்னா, ஏழு பேரும் சேந்து போடுங்க நானா."