கம்பியின் உயரம்

"அலாஸ்காக் கப்பலில பனிமலை பாக்க மேல்தட்டுத்தான் திறம், அக்கா," என்றான் டோர்செட் பார்க் பயண முகவர் வாகீசன்.

"அங்க ஓரத்துத் தடுப்புக் கம்பி என்ன உயரம்?" என்று கேட்டாள் பாலேஸ்வரி. "ஆறு வயசுப் பிள்ளைக்கு மலை தெரியவேணும்."

"அப்ப ஐஞ்சாம் தட்டின்ர முன்பக்கம் நில்லுங்கோ. அங்க கம்பிக்குப் பதிலாக் கண்ணாடி."

அவள் முகம் மலர்ந்தது. "பனி பாக்கவேணுமெண்டு அவன் ஒரே கரைச்சல்."

வாகீசன் படிவத்தை எடுத்தான். "பிள்ளையின்ர பேர், பிறந்த திகதி?"

"பிரவீனன். எண்பத்தொண்டு, மார்ச் நாலு."

எழுதியவன் சுவரிலிருந்த 1997 கலண்டரைப் பார்த்தான். "அப்ப பதினாறு வயசெல்லோ, அக்கா?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு சிறுவன்.

"ஷெல் விழேக்க ஆறு, தம்பி. ரிக்கெற் எனக்கு மட்டும் போடுங்கோ."