நாய்க்குட்டிக்கு இரண்டு முட்டை

முட்டையை உடைக்கும் முன் பூஜை அலமாரியின் திரையை இழுத்து மூடினாள்.

பெருமாள் பார்க்க வேண்டாம்.

கூடத்தில் புருஷன் குளித்துவிட்டு நாமம் இட்டுக்கொண்டிருந்தார். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

வெள்ளைக்கருவை மட்டும் பிரித்தாள். கேழ்வரகுக் கஞ்சியில் ஊற்றி, திரளாமல் கடைந்தபடியே வேகவிட்டாள். ஏலக்காயை ஒன்றுக்கு இரண்டாகத் தட்டிப் போட்டாள். வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

ருசியைப் பற்றிக் கவலையில்லை. வாய்ப்புற்றுக்குக் கரண்ட் வைக்க ஆரம்பித்த மூன்றாவது வாரமே அவருக்கு அது போய்விட்டது. பாயசம் கொடுத்தாலும் மண் என்பார், மருந்து கொடுத்தாலும் மண் என்பார்.

கரண்ட் வைப்பதற்கு முன்பே கீழ்ப்பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். புற்றோடு சேர்த்துத் தாடை எலும்பையும் கரண்ட் சுடும் என்று டாக்டர் தன் தாடையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். உடம்பில் புரதம் இல்லாவிட்டால் புண் ஆறாது. எலும்பு வெளியே தெரியும். அறுத்து எடுக்கிற நிலைகூட வரலாம். முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள்.

அவர் நன்றாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், புரட்டாசி முடியட்டும் என்றார்.

மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள். புரட்டாசியில் மட்டும் முட்டை வாசற்படி ஏறக் கூடாது. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். இந்த வருஷம் தவறினால் பெருமாள் கைவிட்டுவிடுவார் என்று பயம். மனுஷனுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு பிடிதான்.

அவளும் முட்டையில்லாமல் சமாளிக்கப் பார்த்தாள். பருப்புத் தண்ணீர் கொடுத்தாள். பயறு கொடுத்தாள், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பால் கோழை கட்டியது. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தார்.

எலும்பு புரட்டாசி பார்க்குமா?

பாவம் எனக்கு வரட்டும், எலும்பு அவருக்கு நிற்கட்டும். திரைக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் இதைத்தான் சொன்னாள்.

தெருமுனைக் கடையில் முதல் நாள் முட்டை கேட்டபோது கோதண்டம் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"புரட்டாசியில முட்டையாக்கா?"

நாய்க்குட்டிக்கு என்றாள். வீட்டில் நாய் கிடையாது. பொய் தானாக வாயில் வந்து நின்றது.

அன்றிலிருந்து தினமும் இரண்டு.

சனிக்கிழமைக் கஞ்சியையும் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நானூறு கிராம் ஏறியிருந்தது. அவள் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் தெருமுனைக்கு வந்தார்கள். கோதண்டம் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, நாய்க்குட்டி எப்படி இருக்கு? தினம் ரெண்டு முட்டை போவுதே!"



அவர் நின்றார். வாய்ப்புண்ணால் நாலு நாளாகப் பேச்சு கிடையாது, எல்லாம் சைகைதான். அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த எடைச் சீட்டைப் பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டார். அதற்கே கண்ணில் நீர் வந்தது.

"நல்லாச் சாப்பிடுது" என்றார்.





மறுநாள் காலை நாமம் இட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் முட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். திரையை இழுக்கக் கையை நீட்டினாள்.

ஏற்கெனவே இழுத்து மூடியிருந்தது.