ஒரு போல்ட் மட்டும் தலைகீழா

"இன்னாமே இது? எல்லா போல்ட்டுக்கும் தலை மேல கீது. இது மட்டும் தலைகீழா தொங்குது. கண்ணை எங்க வச்சிகினு மாட்டினே?"

சாத்தாங்காட்டு இரும்பு வியாபாரி மேத்யூ கத்திய கத்தலில் ராயபுரம் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. வண்டி, அவருடைய எண்பது வருஷத்துப் பட்டாள ஜீப். மறுநாள் பழைய வண்டிகள் போட்டி.

ரெண்டு வருஷமாக அதைப் பிரித்துப் புதுப்பித்த ஷெட்டுக்கார மெக்கானிக் ஜெரினா அசரவில்லை. "அது அப்டித்தான் வரும் அண்ணாத்தே. வுடு."

"தலை மேல, நட்டு கீழ. நட்டு கழண்டாலும் போல்ட் வுழாது. எனக்கே பாடமா?"

"செரி, அத்த வுடு. போட்டி அட்டையில 'புதுப்பித்தவர்'னு ஒரு கோடு கீதே, அதுல என் பேரைப் போடேன். நாலு பேரு பாத்தா நாலு வண்டி வரும். ஷெட்டு பொயச்சிக்கும்."

"கோப்பையே புதுப்பிச்சவருக்குத்தான்மே! என் பேரைப் போட்டாச்சு."

அடேயப்பா! அந்த ரெண்டு வருஷத்தில் மனுஷர் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை.

மறுநாள், மைதானம். நடுவர் பட்டாள ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பிரமாதம். எல்லாம் நீங்களே மாட்டினதா?"

"ஒவ்வொரு நட்டும் சார்!" என்றார் மேத்யூ, நெஞ்சை நிமிர்த்தி.

"பெட்ரோல் டேங்குக்கு அடியில ஒரு போல்ட் தலைகீழா இருக்கே, ஏன்?"

மேத்யூவுக்கு முகம் செத்துவிட்டது. சட்டென்று, வண்டியோடு வந்திருந்த ஜெரினாவைக் கை காட்டினார்.

"அது மட்டும் இந்தப் பொண்ணு மாட்டினது சார். தப்புதான். ரெண்டே நிமிஷம், திருப்பிடறேன்!"

"எப்டி திருப்புவே அண்ணாத்தே?" ஜெரினாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மேல டேங்க் குந்திகினு கீது. தலையை அங்க வச்சா போல்ட்டை உருவ எடமே இல்ல. ஒவ்வொரு தபாவும் டேங்க்கை எறக்கணும். கீழேருந்துதான் சார் சொருவணும்."

நடுவர் பேனாவை எடுத்து, அட்டையில் மேத்யூவின் பேரை அடித்தார்.

"சார்! ஒரே ஒரு போல்ட் தப்புக்கா?"

"அது தப்பே இல்லீங்க. அந்த ஒண்ணு தலைகீழாத்தான் வரணும். வண்டியில கை வச்சவங்களுக்கு அது தெரியும். அதனாலதான் இந்த ஜீப்பைக் கொண்டு வர்ற எல்லார்கிட்டயும் அதை மட்டும் கேக்கறேன்."

ஜெரினா பக்கம் திரும்பினார்.

"உங்க பேர் என்னம்மா?"