தோள் வரைக்கும் வெந்நீர்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கடையில் வைத்திருந்த காலிக் குளியல் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தார் கிசபுரோ. முழங்கால் இரண்டும் மோவாயை இடித்தன.

"இதுதான். இதையே எடுத்துக்கலாம்."

மகன் ஷிங்கோ, விற்பனைப் பெண்ணைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான்.

"அப்பா, உங்களால காலையே நீட்ட முடியலை."

"இந்த வயசுல காலை நீட்டி என்ன பண்ணப் போறேன்?"

"ஐயா, அடுத்து இருக்கறது நல்ல நீளம். உங்க உயரத்துக்கு அதான் சரியா வரும்" என்றாள் அந்தப் பெண்.

"அதுல ஆழம் இல்லையேம்மா. தண்ணி தோளை மூடி நிக்கணும். இதுல நிக்குமா?"

"உங்களுக்கு நெஞ்சு வரைக்கும்தான் வரும். கொஞ்சம் சின்ன உடம்புக்காரங்களா இருந்தா தோளை மூடிடும்."

"போதும். போதும்."

ஷிங்கோ விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். ஹினோகி என்ற வாசனை மரத்தில் செய்தது. கடையிலேயே அதற்குத்தான் விலை அதிகம். மறுபடி திருப்பி வைத்துவிட்டான்.

"சுவர்ல முகக்கண்ணாடி எந்தப் பக்கம் மாட்டணும் ஐயா?"

"கண்ணாடி வேண்டாம்."

"குளியலறைக்குச் சேர்ந்தே வர்றதுதான். தனியா காசு இல்லை."

"என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. தினமும் வேற பாக்கணுமா?"

காரில் ஏறியதும் ஷிங்கோ ஆரம்பித்தான்.

"பெப்பு மாதிரி வெந்நீர் ஊத்து ஊர்ல இருந்துக்கிட்டு யாராவது வீட்டுக்குள்ள தொட்டி வாங்குவாங்களா? வாசல்ல இறங்கி நாலு எட்டு வெச்சா ஊர்ப் பொதுக் குளியல்கூடம். பூமியில இருந்து கொதிச்சுக்கிட்டு வர்ற தண்ணி. பிறந்ததுல இருந்து அங்கதானே குளிக்கறீங்க?"

"ஆமா."

"இப்ப என்ன வந்துச்சு?"

"ஆசை வந்துச்சு. காசு என்னுது. வண்டியைப் பார்த்து ஓட்டு."

கிசபுரோ பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஆடம்பரம் என்று எதையும் வாங்கியதில்லை. தூண்டில்தான் அவருக்கு ஒரே பொழுதுபோக்கு. தொட்டி வைக்க இடம் வேண்டுமென்று, தூண்டில் சாமான் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சாமானைத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்.

வேலையாட்கள் வந்து சுவரை இடித்தார்கள், குழாய் இழுத்தார்கள், தொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். மருமகள் மிசுஹோ அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். சரி என்றும் சொல்லவில்லை, எதற்கு இது என்றும் கேட்கவில்லை. குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேச்சே குறைந்து போயிருந்தது.

முதல் நாள் சாயங்காலம் கிசபுரோவே தண்ணீர் நிரப்பினார். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். கொஞ்ச நேரத்தில், தோளில் துண்டும் கையில் சின்ன வாளியும் சோப்புமாக வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றான் ஷிங்கோ.

"குளிக்க."

"தொட்டி உள்ள இருக்கு."

"தெரியும். அங்க குசுமோட்டோ காத்துக்கிட்டு இருப்பான். பேச ஆள் இல்லாம எனக்குக் குளிக்க வராது."

"அப்ப இதை எதுக்கு வாங்கினீங்க?"

"தண்ணி ரொப்பி வெச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள யாராவது இறங்குங்க. இது மரம். தினமும் நனையலைன்னா காஞ்சு வெடிச்சுடும்."

மரச்செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய் ஓய்ந்தது.

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். நிரப்புவார், சூடு பார்ப்பார், துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தத் தொட்டியில் அவர் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. குளியல்கூடத்தில் ஆண்கள் பக்கம் முழுக்க இதே பேச்சு. "அரண்மனைத் தொட்டியை வீட்ல பூட்டி வெச்சுட்டு, இங்க வந்து எங்க தண்ணியைக் கலக்கறியே" என்று குசுமோட்டோ கிண்டல் செய்தார். கிசபுரோ கண்ணை மூடிக்கொண்டு கழுத்துவரை அமிழ்ந்துகொண்டார்.

துறைமுகத்தில் கூட வேலை செய்கிறவன் ஒருவன் இதைப் பற்றி ஷிங்கோவிடமே கேட்டுவிட்டான். அன்றைக்கு ஷிங்கோ எரிச்சலோடுதான் வீடு திரும்பினான். அப்பா வழக்கம்போல வெளியே போயிருந்தார்.

மிசுஹோ குளித்துவிட்டு வந்தாள். முகம் சிவந்து, ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தது.

"அப்பாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்" என்றான்.

"ஏன், மாமாவுக்கு என்ன?"

"புத்தி தடுமாறுதுன்னு நினைக்கறேன். இருந்த பணத்தைக் கொட்டித் தொட்டி வாங்கிட்டு, குளிக்கறதுக்கு வெளிய போறார். கேட்டா மரம் வெடிச்சுடுங்கறார். ஊரே சிரிக்குது. நம்ம வீட்ல இதுக்கு என்ன அவசியம் சொல்லு? நானும் அங்கதான் குளிக்கறேன், நீயும் அங்கதான் போற..."

"நான் போறதில்லைங்க."

"போறதில்லையா?"

"ஆபரேஷன் ஆனதுல இருந்து போகலை."

"நான் வேலைக்குப் போனப்புறம் நீ பகல்ல போயிட்டு வர்றன்னுல்ல நினைச்சேன்."

"சமையலறையில தண்ணி சுட வெச்சு, துணியை நனைச்சுத் துடைச்சுக்குவேன். குளிர் பூரா அப்படித்தான்."

"ஏன் மிசுஹோ?"

அவள் அங்கியின் இடது பக்கத்தில் கையை வைத்தாள். அங்கே துணி தட்டையாகப் படிந்திருந்தது.

"எல்லாப் பொம்பளைங்களும் துணியில்லாம உக்காந்திருக்கற இடத்துல, இதோட எப்படிப் போய் உக்காருவேன்?"

ஷிங்கோ அவள் கையைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மிசுஹோ தலைத்துண்டை அவிழ்த்து, முடியை உதறிக்கொண்டே சொன்னாள்:

"மாமாகிட்டயும் நான் சொல்லலைங்க."