தரகர் இல்லாமல் வந்த ஆடு

“நெசமாவே மறைச்சுருமா தாயி? இன்னொரு தடவை சோதிச்சுப் பாரு.”

கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் இருதயநாதன். தோல்ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விட்டு விட்டு வெந்துபோன கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் போட்டிருந்தார். தோல்ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளி தவறாமல் நாகல் நகர் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவார்.

சென்டர் நடத்தும் அன்புக்கரசிக்கு அவர் கதை தெரியும். மகள் ஜோஸ்பின் வேற சாதிப் பையனோடு ஊரைவிட்டுப் போய் ஏழெட்டு மாசமாகிறது. சென்டர் மெயிலுக்கு வாரம் ஒரு கடிதம் மட்டும் அனுப்புவாள். ‘அக்கா, அப்பாகிட்டப் படிச்சுக் காட்டுங்க. நல்லா இருக்கோம். உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க.’ அவ்வளவுதான். எந்த ஊர் என்று ஒரு வார்த்தை இருக்காது.

அன்புக்கரசி ஐ.பி. நம்பர் காட்டும் பக்கத்தைத் திறந்தாள்.

“பாருங்கய்யா. இந்த நம்பர்தான் நம்ம கம்ப்யூட்டரோட விலாசம். கீழ இந்தியான்னு போட்டுருக்கு. இப்ப விலாசத்தை மறைக்குற வி.பி.என். போடுறேன். பாத்தீங்களா, நம்பர் மாறிருச்சு. ஜெர்மனியாம்.”

“நாகல் நகர்ல உக்காந்துக்கிட்டு ஜெர்மனியா.”

“அய்யலூர் சந்தையில தரகர் கையால ஆடு வாங்குறோம்ல? வாங்குறவனுக்குத் தரகர் மூஞ்சிதான் தெரியும். எந்தப் பட்டி ஆடுன்னு தெரியாது. அந்த மாதிரிதான் இதுவும். உங்க மருமகன் கம்ப்யூட்டர் படிச்சவரு. இதைப் போட்டுத்தான் அனுப்பச் சொல்லிருக்காரு. அதான் எந்த மெயிலோட நம்பரைப் பாத்தாலும் ஜெர்மனின்னு காட்டுது.”

“படிச்சவன் பாத்தாலும்?”

“கொம்பன் பாத்தாலும்.”

இருதயநாதன் நெடுமூச்சு விட்டார். பெத்த மனசு என்ன பாடுபடுகிறது என்று நினைத்துக்கொண்டாள் அன்புக்கரசி.

“ஒம் பொழப்பைக் கெடுக்குறேன் தாயி. வாராவாரம் இதையே கேக்குறேன்.”

“அதனால என்ன. டீ சொல்லவா?”

“வேணாம். வாயில எதை வச்சாலும் சுண்ணாம்பாத்தான் இருக்கு.”

அவள் பேச்சை மாற்றினாள். “மகன் பிரான்சிஸ் எப்படி இருக்காப்ல?”

“இன்னைக்கு விடியமுன்னயே குளிச்சு, சலவைச் சட்டை போட்டுக் கிளம்பிட்டான். கோயிலுக்குப் போறேம்ப்பான்னான். தங்கச்சி போனதுலருந்து கோயில் பக்கம் தலைவச்சுப் படுக்காத பய. மாதா அவன் மனசை மாத்திட்டா போல.”

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள் அன்புக்கரசி. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

“அய்யா, ஒரு சேதி. ஜோஸ்பின் இருக்குற எடம் தெரிஞ்சுருச்சு.”

அவர் திரையைக் கைகாட்டினார்.

“ஜெர்மனின்னியே தாயி.”

“கடைசியா வந்த மெயில்ல கோட்டை விட்டுட்டா. வீட்டுலருந்து அனுப்பாம, வேலை பாக்குற எடத்துலருந்து அனுப்பிருக்கா. அங்க வி.பி.என். ஏது? தரகர் இல்லாம ஆடு தானா சந்தைக்கு வந்துருச்சு. நம்பரைத் தேடிப் பாத்தேன், கம்பெனி பேர்லயே பதிஞ்சிருக்கு. திருப்பூர்ல பனியன் கம்பெனி. தெருப் பேரு மொதக்கொண்டு இருக்குங்கய்யா.”

சந்தோசத்தில் கிழவர் அழுதுவிடுவார் என்று நினைத்தாள். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அழிச்சுரு தாயி. அந்த மெயிலை அழிச்சுரு. இப்பவே.”

“என்னய்யா இது? இதைக் கண்டுபிடிக்கத்தான இம்புட்டு நாளா நடையா நடந்தீங்க?”

“கண்டுபிடிக்க முடியாதுன்னு ஒன் வாயால கேக்கத்தான் வந்தேன். அதைக் கேட்டாத்தான் அந்த வாரம் எனக்குத் தூக்கம்.” குரல் தாழ்ந்தது. “பிரான்சிஸ் அருவாளைத் தீட்டிப் பாய்க்கு அடியில வச்சுக்கிட்டுப் படுக்குறான். எடம் மட்டும் தெரியட்டும்ங்குறான். போற எடத்துலயாச்சும் எம்புள்ள உசுரோட கெடக்கட்டும்னுதான் நான் அவ முகத்தையே மறந்துட்டு இருக்கேன். ஒன்னையத் தவிர வேற யாருக்கும் தெரியாதுல்ல தாயி?”

அன்புக்கரசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

‘அப்பா அவளை நெனச்சே சாகுறாருக்கா, எடம் தெரிஞ்சா நானே கூட்டியாந்து அவர் முன்னால நிப்பாட்டுறேன், அதுவரைக்கும் அவர்ட்ட மூச்சு விட்டுறாதீங்க’ என்று நேற்றுச் சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்த பிரான்சிஸுக்கு, கம்பெனி விலாசத்தோடு, திருப்பூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.