வாசல் கதவுக்கு ஒரு வளையம்

கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டுத்தான் ரசலையன் ஊசியைக் கையில் எடுத்தார். தெருவில் போகிற யாராவது எட்டிப் பார்த்து, வளையத்தைச் செய்தது மகன் ஸ்டெனி இல்லை, அப்பன்தான் என்று மகளிடம் உளறிவிட்டால் ஒரு வாரப் பாடு வீணாகிவிடும்.

மத்தியானத்துக்கு மேல் ரெஜிலா வந்துவிடுவாள். இன்னும் ஏழு துணி இலை தைக்கப் பாக்கி கிடந்தது.

ஓசூரிலிருந்து மருமகன் ஷாஜன் அவளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான். ரெண்டு கலைந்து மூன்றாவதாக நின்றது. இத்தனை மாசமும் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தவள். பிரஷர் ஏறினால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது, மனசு நோகிற ஒன்றும் அவள் கண்ணில் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி ரீத் செஞ்சு வச்சிட்டுத்தான கப்பலுக்குப் போனான்? அதக் கதவுல போடுங்கப்பா. அதப் பாக்காம நான் வீட்டுக்குள்ள ஏற மாட்டேன்."

எட்டாம் வகுப்பிலிருந்து எல்லா கிறிஸ்மஸுக்கும் ஸ்டெனி அந்த இலை வளையத்தைச் செய்வான். பச்சை ஃபெல்ட் துணியை வெட்டி இலை, சிவப்புத் துணிக்குள் பஞ்சு திணித்துப் பழம். பண்டிகை முடிந்ததும் அக்காளுக்கே கொடுத்துவிடுவான். அதனால் பழையது ஒன்றுகூட வீட்டில் இல்லை.

கப்பலில் போன் ரேஞ்சு கிடைக்காது என்று மூணு மாசமாக அவளைச் சமாதானப்படுத்தி வந்தார்கள். அந்தப் பேச்சோடு பேச்சாக, "செஞ்சு வச்சிருக்கான் மக்ளே" என்றும் ரசலையன் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

ஸ்டெனி தையல் சாமான் வைக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது, அவன் தைத்து முடித்த மூன்று இலைகள் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் மற்றதை வெட்டினார். ரப்பர் மரத்தில் பால் வடியச் சிரட்டை கட்டுகிற கம்பியை வளைத்து வட்டமாக்கினார். முப்பது வருஷம் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக் காய்த்துப்போன விரல். ஊசியைப் பிடித்தால் பிடித்த மாதிரியே தெரியவில்லை.

துணி வாங்கிக் கொடுத்த அடுத்த வீட்டு ஓமனா, பின்வாசல் வழியாக ஒரு வாளி நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொண்டு வந்தாள். அவர் மனைவி நேசபாய் இந்த வருஷம் அடுப்பில் எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை.

"அண்ணே, இது எலையா, மீனுக்க செதிலா?" என்றாள் ஓமனா.

ரசலையன் சிரிக்கப் பார்த்தார். நேசபாய் ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"எல்லா நரம்புக் கோடும் ஒரே சரிவாட்டு இழுத்து வச்சிருக்கிய. மரத்துல பட்டைய வெட்டுனது மாதிரி கெடக்கு."

பிரித்துத் தைக்க இனி நேரமில்லை என்றார் அவர். சின்னப்பிள்ளையிலிருந்து பார்த்த மகளுக்கு வித்தியாசம் தெரியாதா என்று நேசபாய் கேட்டாள். அவர் தலையைக் குனிந்து அடுத்த இலையில் ஊசியை ஏற்றினார்.

கடைசிப் பழத்தையும் வைத்துத் தைத்து, வளையத்தைக் கதவில் ஆணி அடித்து மாட்டினார். பிறகு பரணில் இருந்த பேப்பர் ஸ்டாரை இறக்கி, தூசியைத் தட்டினார். நேசபாய் வந்து அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, திரும்பவும் பரணிலேயே வைத்தாள்.

"ரீத் கெடக்கட்டும். ஸ்டார் மட்டும் வேண்டாம். அதுக்கு எனக்கு மனசு இல்ல."

அவர் வற்புறுத்தவில்லை.

வண்டி வந்து நின்றதும் ஷாஜன் கையைப் பிடித்துக்கொண்டு ரெஜிலா இறங்கினாள். தாய் நீட்டிய கையைக்கூடப் பார்க்கவில்லை. படியேறி நேராகக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எப்படி இருக்கு மக்ளே, அவன் செஞ்சது?" என்றார் ரசலையன். குரல் இடறாமல்தான் வந்தது.

அவள் விரல் ஒவ்வொரு இலையாகத் தடவிச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் நின்றது. அடுத்தடுத்து மூன்று இலை. அந்த மூன்றில் மட்டும் நரம்பு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பிரிந்திருந்தது. மற்றதெல்லாம் மேலிருந்து கீழாக ஒரே சரிவு.

"இந்த மூணுதாம் அவன் தச்சது," என்றாள். "பாக்கி எல்லாம் உங்க வெட்டுப்பா."

கம்பெனியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள், பாதியில் போட்டுவிட்டுப் போனான் என்று ரசலையன் தொடங்கினார். பாதியிலேயே அந்தப் பேச்சும் நின்றுபோனது. அவள் கேட்கிற மாதிரி இல்லை. அண்ணாந்து, வாசலுக்கு மேலே ஸ்டார் தொங்க வேண்டிய இறவாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓமனா வீட்டில் ஸ்டார் தொங்கியது. எதிர்வீட்டில் தொங்கியது. சர்ச் முக்கு வரைக்கும் வீட்டுக்கு வீடு தொங்கியது. இங்கே கொக்கி மட்டும் இருந்தது. கிறிஸ்மஸுக்கு ஸ்டார் போடாத வீடு எது என்று அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் வளையத்தை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"வாங்கப்பா, இதத் தம்பிக்க கல்லறையில கொண்டு வச்சிட்டு வருவோம்."